வரியை ஏத்துனது யாரு? முசிறி வீட்டு வரியும் உள்ளாட்சி ஓட்டும்

ஏப்ரலிலும் அக்டோபரிலும் ஊருக்கு ஊர் ஒரே பேச்சுதான்: வீட்டு வரி. போன அரையாண்டு கட்டிய ரசீதையும் இப்போது வந்திருக்கும் கேட்பு அறிவிப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பவர்கள் முதலில் திட்டுவது வார்டு கவுன்சிலரை. அடுத்து நகராட்சியை. அதற்கப்புறம்தான் ஆட்சியில் இருந்த கட்சி ஞாபகத்துக்கு வரும்.

இந்த வரிசை சரிதானா? வரியை ஏற்றியது உண்மையில் யார்? அதற்கான தண்டனையை அடுத்த தேர்தலில் வாங்குவது யார்? தமிழ்நாட்டில் இந்த இரண்டு கேள்விக்கும் பெரும்பாலும் ஒரே பதில் கிடைப்பதில்லை. திருச்சி மாவட்டம் முசிறியை வைத்துப் பார்த்தால் இது எளிதாகப் புரியும்.

பேரூராட்சி நகராட்சியான கதை

திருச்சியிலிருந்து நாமக்கல் போகும் சாலையில், காவிரியின் வடகரையில் இருக்கும் ஊர் முசிறி. ஆற்றுப் பாலத்தைத் தாண்டினால் கரூர் மாவட்டத்துக் குளித்தலை. வாழை, வெற்றிலை, கோரைப்பாய் என்று பிழைப்பு நடக்கும் ஊர். வட்டத் தலைநகரம், கோட்டாட்சியர் அலுவலகம் எல்லாம் உண்டு. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் முசிறியின் மக்கள்தொகை 30 ஆயிரத்தை நெருங்கி இருந்தது.

இன்னொரு பெருமையும் உண்டு. பேரூராட்சியாக இருந்தபோது, பொதுக் கழிப்பறையைப் பயன்படுத்துபவர்களிடம் காசு வாங்காமல், ஒரு தடவைக்கு 10 பைசா என்று அவர்களுக்கே காசு கொடுத்துப் பார்த்த ஊர் இது. கழிவை உரமாக்கும் அந்தச் சூழல் கழிப்பறைத் திட்டத்தைப் பார்க்க வெளிநாட்டிலிருந்தெல்லாம் ஆட்கள் வந்தார்கள். சின்ன ஊர்தானே என்று சும்மா இருந்த நிர்வாகம் இல்லை என்பதற்காகத்தான் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

2021-ல் முசிறி பேரூராட்சியும் லால்குடி பேரூராட்சியும் நகராட்சிகளாகத் தரம் உயர்த்தப்பட்டன. முசிறிக்கு 24 வார்டுகள். செயல் அலுவலர் இருந்த இடத்துக்கு நகராட்சி ஆணையர் வந்தார். நிதி கூடும், சாலை வரும், குடிநீர்த் திட்டம் வரும் என்று ஒரு தரப்பு சொன்னது. "வரியும் சேர்ந்து வரும்ல?" என்று இன்னொரு தரப்பு கேட்டது. இரண்டாவது தரப்பு ரொம்ப நாள் காத்திருக்க வேண்டியிருக்கவில்லை.

தேர்தல் முடிந்தது பிப்ரவரியில், வரி வந்தது ஏப்ரலில்

2022 பிப்ரவரி 19. தமிழ்நாடு முழுக்க நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தல். பிப்ரவரி 22-ல் ஓட்டு எண்ணிக்கை. 21 மாநகராட்சிகளையும் திமுக கூட்டணி மொத்தமாக அள்ளியது. நகராட்சிகளிலும் பெரும்பாலானவை அந்தக் கூட்டணிக்கே போயின. முசிறியும் திமுக வசம் வந்தது. மார்ச் 4-ல் மேயர்கள், நகராட்சித் தலைவர்கள் தேர்வானார்கள்.

திருச்சி மாநகராட்சியில் அன்று நடந்தது கொஞ்சம் விசேஷம். 1994-ல் ஸ்ரீரங்கம், பொன்மலை நகராட்சிகளையும் சேர்த்து உருவான மாநகராட்சி அது. 1996-லும் 2001-லும் தமிழ் மாநில காங்கிரஸ், 2006-ல் காங்கிரஸ், 2011-ல் அதிமுக என்று மேயர் நாற்காலி கை மாறிக்கொண்டே இருந்தது. திமுககாரர் ஒருவர், மு.அன்பழகன், அதில் உட்கார்ந்தது 2022-ல்தான் முதல்முறை.

இந்த வெற்றிக் கொண்டாட்டம் அடங்கி ஒரு மாதம்கூட ஆகவில்லை. ஏப்ரல் 1-ம் தேதி சொத்து வரி உயர்வு அறிவிப்பு வந்தது. முட்டாள்கள் தினச் செய்தி என்று நினைத்தவர்களும் உண்டு. செய்தி உண்மைதான்.

சென்னையின் பழைய பகுதிகளுக்குத் தனி விகிதம். மற்ற மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சிகளுக்கு, அதாவது முசிறிக்கும் சேர்த்து, கணக்கு இப்படி: குடியிருப்பு 600 சதுர அடிக்குள் இருந்தால் 25 சதவீத உயர்வு. 601 முதல் 1,200 வரை 50 சதவீதம். 1,201 முதல் 1,800 வரை 75 சதவீதம். அதற்கு மேல் 100 சதவீதம். கடைகளுக்கும் வணிகக் கட்டடங்களுக்கும் 100 சதவீதம். தொழிற்சாலைகளுக்கும் தனியார் கல்வி நிறுவனங்களுக்கும் 75 சதவீதம்.

எதிர்க்கட்சிகள் சும்மா இருக்குமா? ஏப்ரல் 5-ல் அதிமுக மாநிலம் முழுக்க ஆர்ப்பாட்டம் நடத்தியது. பாஜகவும் போராட்டத்தில் இறங்கியது. திமுக கூட்டணியில் இருந்த இடதுசாரிக் கட்சிகளே மறுபரிசீலனை செய்யச் சொன்னார்கள். கொரோனா பாதிப்பிலிருந்து பொருளாதாரம் மீளும் வரை சொத்து வரி உயர்த்தப்படாது என்று 2021 சட்டமன்றத் தேர்தல் அறிக்கையில் திமுக சொன்னதை எல்லோரும் எடுத்துக் காட்டினார்கள்.

கையில் எவ்வளவு கூடியது?

சதவீதத்தில் சொன்னால் பயமாக இருக்கும், ரூபாயில் சொன்னால் விஷயம் தெரியும். முசிறியில் 800 சதுர அடி சொந்த வீடு, அரையாண்டு வரி 500 ரூபாய் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். 50 சதவீத உயர்வில் அது 750 ரூபாய். வருஷத்துக்கு 500 ரூபாய் கூடுதல். சொத்து வரியோடு ஒட்டிக்கொண்டு வரும் நூலக வரியும் அதே அளவுக்கு ஏறும். மாதக் கணக்கில் பார்த்தால் ஐம்பது ரூபாய்க்குள்தான். "இதுக்கா இவ்வளவு கூச்சல்?" என்று அப்போது ஆளுங்கட்சிப் பக்கம் கேட்டது இதை வைத்துத்தான்.

ஆனால் இந்த அட்டவணையில் ஒரு முள் இருக்கிறது. வருமான வரியில் ஒரு படியைத் தாண்டினால் தாண்டிய பகுதிக்கு மட்டும் கூடுதல் விகிதம். இங்கே அப்படி இல்லை, முழு வரிக்கும் அந்தச் சதவீதம் ஏறும். 1,200 சதுர அடி வீட்டுக்கு 1,000 ரூபாய் வரி இருந்தால் அது 1,500 ஆகும். 1,201 சதுர அடி என்று பதிவாகியிருந்தால் 1,750. ஒரு சதுர அடிக்காக வருஷத்துக்கு 500 ரூபாய். பின்னால் ஒரு குளியலறை சேர்த்துக் கட்டியவர், மாடிப்படிக்குக் கீழே ஒரு அறை எடுத்தவர் எல்லாம் இதில் மாட்டிக்கொண்டார்கள்.

நிஜமான அடி விழுந்தது கடைத்தெருவுக்கு. முசிறி மாதிரி ஊரில் வீட்டு முன்பக்கத்தில் ஒரு கடை போட்டு, பின்பக்கத்தில் குடியிருப்பது சாதாரணம். அந்த முன்பக்கத்துக்கு வரி ஒரே வீச்சில் இரட்டிப்பு. கடை வாடகைக்கு விட்டிருந்தால் அது வாடகையில் போய் ஏறும், வாடகைக்காரர் பண்டத்தின் விலையில் ஏற்றுவார். வரிச்சீட்டையே பார்க்காதவர்தான் கடைசியில் அதைக் கட்டுகிறார். அவருக்கும் அந்த வார்டில் ஓட்டு இருக்கும். ஆனால் அவர் கோபம் வீட்டுக்காரர் மேல்தான் இருக்கும்.

ஏன் ஏற்றினார்கள்?

அப்போது நகராட்சி நிர்வாகத் துறை அமைச்சராக இருந்தவர் கே.என்.நேரு. திருச்சிக்காரர், திருச்சி மேற்குத் தொகுதி எம்எல்ஏ. அவர் தரப்பு சொன்ன காரணம் 15-வது நிதிக்குழு. என்.கே.சிங் தலைமையிலான அந்தக் குழு, நகர்ப்புற உள்ளாட்சிகளுக்கு மத்திய மானியம் வேண்டுமானால் இரண்டு விஷயம் செய்யச் சொன்னது. சொத்து வரிக்கு ஒரு குறைந்தபட்ச விகிதத்தை மாநில அரசு அறிவிக்க வேண்டும். அதன் பிறகு, மாநிலத்தின் மொத்த உற்பத்தி எந்த வேகத்தில் வளர்கிறதோ அந்த வேகத்துக்கு வரி வசூலும் வளர வேண்டும். செய்யாவிட்டால் மானியம் கிடையாது.

அதாவது டெல்லியில் போட்ட நிபந்தனை, சென்னையில் போட்ட அரசாணை, முசிறியில் வசூல். "மத்திய அரசு கட்டாயப்படுத்தியது" என்று திமுக சொன்னது. "வளர்ச்சிக்கு ஏற்ப வசூலைக் கூட்டச் சொன்னார்கள், ஒரே நாளில் 100 சதவீதம் ஏற்றச் சொல்லவில்லை" என்று எதிர்த்தரப்பு சொன்னது. ரெண்டு பேர் சொன்னதிலும் பாதிப் பாதி உண்மை இருக்கிறது.

இதில் யாரும் பெரிதாகப் பேசாத ஒரு கணக்கு உண்டு. சட்டப்படி 5 ஆண்டுக்கு ஒரு முறை சொத்து வரியைச் சீராய்வு செய்ய வேண்டும். சென்னையில் கடைசியாக 1998-ல் நடந்தது. மற்ற ஊர்களில் 2008-ல். இடையில் 2018-ல் ஒரு முறை ஏற்றினார்கள், அதுவும் நிற்கவில்லை (அந்தக் கதை கீழே). 2008-லிருந்து வருஷத்துக்கு வெறும் 6 சதவீதம் ஏற்றிக்கொண்டே வந்திருந்தால், 500 ரூபாய் வரி 2022-ல் சுமார் 1,130 ரூபாய் ஆகியிருக்கும். நிஜத்தில் வந்தது 750. கணக்குப்படி பார்த்தால் மக்களுக்கு லாபம்தான். ஆனாலும் கோபம் வந்தது. 14 வருஷம் கொஞ்சம் கொஞ்சமாக ஏறியிருந்தால் பழகிப்போயிருக்கும். ஒரே நாளில் ஏறினால் அது சீராய்வு மாதிரி தெரியாது, தண்டம் மாதிரிதான் தெரியும்.

இத்தனை வருஷம் ஏன் ஏற்றவில்லை? பதில் தேர்தல் நாள்காட்டியில் இருக்கிறது.

2018-ல் ஏறியது, 2019-ல் இறங்கியது

2018 ஜூலை. எடப்பாடி பழனிசாமி முதல்வர். உயர் நீதிமன்ற உத்தரவைக் காட்டி அதிமுக அரசு சொத்து வரியை உயர்த்தியது. குடியிருப்புகளுக்கு 50 சதவீதம் வரை, மற்ற கட்டடங்களுக்கு 100 சதவீதம் வரை. அப்போது தெருவுக்கு வந்து எதிர்த்தது திமுக. நான்கு வருஷத்தில் வசனம் அப்படியே இருக்க, பேசுகிறவர்கள் மட்டும் இடம் மாறிக்கொண்டார்கள்.

2018-ல் முசிறியில் கவுன்சிலர் என்று ஒருவரே இல்லை. எங்குமே இல்லை. 2011-ல் தேர்வான உள்ளாட்சி மன்றங்களின் காலம் 2016 அக்டோபரில் முடிந்தது. அந்த மாதம் நடக்க வேண்டிய தேர்தலைச் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. அதற்குப் பிறகு நகரங்களில் தேர்தல் நடந்தது 2022-ல்தான். இடைப்பட்ட ஐந்து வருஷத்துக்கும் மேல் தனி அலுவலர்கள் ஆட்சி. வரி உயர்வுக்கு மன்றத்தில் எழுந்து "இது நியாயமா?" என்று கேட்க ஒரு உறுப்பினர்கூட இல்லாத நேரத்தில் அந்த உயர்வு நடந்தது.

அப்புறம் என்ன ஆனது? 2019 மக்களவைத் தேர்தலில் அதிமுக கூட்டணி தேனி தவிர எல்லா இடத்திலும் தோற்றது. உள்ளாட்சித் தேர்தலை இனியும் தள்ளிப்போட முடியாத நிலை. 2019 நவம்பர் 19-ல் அப்போதைய உள்ளாட்சித் துறை அமைச்சர் எஸ்.பி.வேலுமணி அறிவித்தார்: உயர்த்திய சொத்து வரி நிறுத்திவைக்கப்படுகிறது, பழைய வரியைக் கட்டினால் போதும், கூடுதலாகக் கட்டியது அடுத்த அரையாண்டுகளில் கழித்துக்கொள்ளப்படும். மறுஆய்வுக்கு நிதித்துறைச் செயலர் தலைமையில் குழு. அடுத்த மாதம், டிசம்பர் 27-லும் 30-லும் ஊரக உள்ளாட்சித் தேர்தல்.

2021 ஜனவரியில் சென்னையில் இதே படம் இன்னொரு தடவை ஓடியது. வீட்டுக்கு வீடு குப்பைக் கட்டணம் என்று அறிவித்தார்கள். எதிர்ப்பு வந்தது, சட்டமன்றத் தேர்தல் வாசலில் நின்றது, கட்டணம் நிறுத்திவைக்கப்பட்டது.

தேர்தலுக்கு முன்னால் வரி இறங்கும், தேர்தல் முடிந்ததும் ஏறும். ஓட்டுச் சீட்டுக்கு இதில் சக்தியே இல்லை என்று சொல்லிவிட முடியாது. ஆனால் அந்தச் சக்தி வரியின் அளவை மாற்றியதைவிட வரி வரும் தேதியைத்தான் அதிகம் மாற்றியிருக்கிறது.

கவுன்சிலர் கையில் என்ன இருக்கு?

சுருக்கமாகச் சொன்னால், ரொம்பக் கம்மி. அரசியல் சட்டத்தின் 74-வது திருத்தம் 1993-ல் நடைமுறைக்கு வந்தபோது நகராட்சிகளுக்கு அரசியல் சட்ட அந்தஸ்து கிடைத்தது. ஆனால் என்ன வரி போடலாம், எந்த வரம்புக்குள் போடலாம் என்பதை மாநிலச் சட்டமன்றம்தான் தீர்மானிக்கும். 2022-ல் நடந்ததும் அதுதான். அரசாணை சென்னையில் வந்தது. நகராட்சி மன்றம் கூடித் தீர்மானம் போட்டது. ஆட்சேபம் இருந்தால் சொல்லலாம் என்று அறிவிப்பு வந்தது. "தீர்மானம் போடாவிட்டால் மானியம் போகும்" என்ற நிலையில் ஆளுங்கட்சிக் கவுன்சிலர் எதிர்த்துக் கை தூக்குவது நடக்கிற காரியமா? எதிர்க்கட்சி உறுப்பினர்கள் எதிர்ப்பைப் பதிவு செய்வார்கள், வெளிநடப்பு செய்வார்கள், தீர்மானம் நிறைவேறும்.

தலைவரையாவது மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கிறார்களா? அதுவும் இல்லை. 2011-ல் மேயருக்கும் நகராட்சித் தலைவருக்கும் மக்களே நேரடியாக ஓட்டுப் போட்டார்கள். 2019 நவம்பரில், வரி நிறுத்திவைக்கப்பட்ட அதே வாரத்தில், அவசரச் சட்டம் கொண்டுவந்து அதை மாற்றினார்கள். இப்போது மக்கள் கவுன்சிலரைத் தேர்ந்தெடுப்பார்கள், கவுன்சிலர்கள் தலைவரைத் தேர்ந்தெடுப்பார்கள்.

ஆக, வரியை முடிவு செய்தவருக்கும் ஓட்டுப் போடுபவருக்கும் நடுவில் மூன்று படி இருக்கிறது. கோபம் முதல் படியிலேயே, தெருவில் தினமும் கண்ணில் படும் கவுன்சிலரிடமே தங்கிவிடுகிறது.

அப்போ ஓட்டு மாறுச்சா?

முசிறி சட்டமன்றத் தொகுதியைப் பார்த்தால் 2011-ல் அதிமுகவின் என்.ஆர்.சிவபதி, 2016-ல் அதிமுகவின் எம்.செல்வராசு, 2021-ல் திமுகவின் ந.தியாகராஜன். மக்களவைக்கு முசிறி பெரம்பலூர் தொகுதிக்குள் வருகிறது. 2014-ல் அங்கே வென்றது அதிமுக. 2019-ல் பாரிவேந்தர், உதயசூரியன் சின்னத்தில் நின்று 4 லட்சம் ஓட்டுக்கு மேல் வித்தியாசத்தில் ஜெயித்தார்.

2018-ல் வரி ஏற்றிய அதிமுக 2019-லும் 2021-லும் இங்கே தோற்றது. "பாத்தீங்களா, வரி ஏத்துனா ஓட்டு போயிடும்" என்று சொல்லத் தோன்றும். கொஞ்சம் பொறுங்கள்.

2022-ல் வரி ஏற்றியது திமுக. அறிவித்த துறையின் அமைச்சர் நேரு. 2024 மக்களவைத் தேர்தலில் அதே பெரம்பலூரில் அவருடைய மகன் அருண் நேருவே திமுக வேட்பாளர். வரிக் கோபம் ஓட்டாக மாறுவதென்றால் இதைவிடப் பொருத்தமான இடம் கிடையாது. அவர் சுமார் 3 லட்சத்து 89 ஆயிரம் ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தார். 2019-ல் அமோகமாக வென்ற பாரிவேந்தர், இந்த முறை பாஜக கூட்டணியில் நின்று மூன்றாம் இடத்துக்குப் போனார்.

ஆகவே மக்களவை, சட்டமன்ற ஓட்டில் வீட்டு வரியைத் தேடுவது வீண். அங்கே பிரதமர் யார், முதல்வர் யார், கூட்டணி எது, மகளிருக்கு என்ன திட்டம் என்பதெல்லாம் பேசும். எதிர்க்கட்சி எத்தனை பக்கமாக உடைந்து நின்றது என்பதும் பேசும். அரையாண்டு 250 ரூபாய் அந்தக் கூட்டத்தில் காணாமல் போய்விடும்.

வார்டுத் தேர்தல் வேறு. 30 ஆயிரம் பேர்கூட இல்லாத ஊரை 24 வார்டாகப் பிரித்தால் ஒரு வார்டில் சராசரியாக ஆயிரத்துச் சொச்சம் பேர். ஓட்டு உள்ளவர்கள் இன்னும் குறைவு. அதில் முக்கால்வாசி பேர் ஓட்டுப் போட்டு, மூன்று நான்கு வேட்பாளர்கள் நின்றால், முப்பது நாற்பது ஓட்டு முடிவையே மாற்றிவிடும். ஒரு தெருக் கடைக்காரர்கள் மொத்தமாகத் திரும்பினால் போதும். வரி பேசுவதற்கு இடம் இருக்கிற ஒரே தேர்தல் இதுதான். வரியை முடிவு செய்யும் அதிகாரம் இல்லாத தேர்தலும் இதுதான்.

ஜெயித்தபிறகும் மாறும் பக்கம்

கட்சி ஆதரவு மாறுவது என்றால் மக்கள் மாறுவது மட்டும் இல்லை. பக்கத்து மணப்பாறையில் 2022-ல் நடந்தது நல்ல உதாரணம். 27 வார்டு. திமுக கூட்டணிக்கு 11, அதிமுகவுக்கு 11, சுயேச்சைகள் 5. மாநிலமே திமுக அலையில் இருந்தபோது, சுயேச்சைகள் ஆதரவோடு அங்கே அதிமுக தலைவர் பதவியைப் பிடித்தது. பிறகு காட்சி மாறியது. உறுப்பினர்கள் பக்கம் மாறினார்கள், தலைவர் பதவி திமுகவுக்குப் போனது. நடுவில் மக்கள் யாரும் மறுபடி ஓட்டுப் போடவில்லை.

எம்எல்ஏ, எம்பி கட்சி மாறினால் பதவி போகும். தமிழ்நாட்டில் கவுன்சிலருக்கு அந்தக் கட்சித்தாவல் தடைச் சட்டம் பொருந்தாது. வார்டுக்குச் சாலையும் தண்ணீரும் வர வேண்டுமானால் மாநிலத்தை ஆளும் கட்சியோடு இருப்பதுதான் புத்திசாலித்தனம் என்று கவுன்சிலர்கள் வெளிப்படையாகவே சொல்வார்கள். நகராட்சியின் சொந்த வருமானம் குறையக் குறைய இந்த நிர்ப்பந்தம் கூடும். வரியை ஏற்றாமல் வைத்திருப்பதற்கு ஊர் கொடுக்கும் விலைகளில் இதுவும் ஒன்று.

"எங்க ஊரைச் சேக்காதீங்க"

வரிப் பயம் இன்னொரு வடிவத்திலும் கிளம்பியது. 2025 தொடக்கத்தில் மாநகராட்சிகள், நகராட்சிகளோடு சுற்றியுள்ள ஊராட்சிகளை இணைக்கும் அறிவிப்புகள் வந்தன. பல மாவட்டங்களில் மக்கள் ஆட்சியர் அலுவலகங்களுக்குத் திரண்டு வந்தார்கள். திருச்சியில் அதவத்தூர் மக்கள், மாநகராட்சியோடு தங்கள் ஊராட்சியைச் சேர்க்கக் கூடாது என்று போராடினார்கள்.

அவர்கள் சொன்னது இரண்டே விஷயம். ஊராட்சியில் கட்டும் வீட்டு வரி சொற்பம், மாநகராட்சி ஆனால் பல மடங்கு ஆகும். 100 நாள் வேலைத் திட்டம் ஊராட்சிகளுக்குத்தான், நகரமானால் அது நின்றுபோகும். ஒரு பக்கம் வரவு குறையும், மறுபக்கம் செலவு ஏறும். விவசாயக் கூலி வேலை செய்யும் குடும்பத்துக்கு இந்தக் கணக்கு ரொம்பச் சுலபம். பேருந்து நிலையம் வரும், நிலத்தின் விலை ஏறும் என்று சொல்லி அவர்களைச் சமாதானப்படுத்த முடியாது. நிலம் இல்லாதவருக்கு நிலத்தின் விலை ஏறி என்ன ஆகப்போகிறது?

இதே காலத்தில் திருச்சி உள்ளிட்ட பல மாவட்டங்களில் ஊரக உள்ளாட்சிகளின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ல் முடிந்து, தனி அலுவலர்கள் வந்துவிட்டார்கள். ஊரைச் சேர்ப்பதா வேண்டாமா என்ற பேச்சு சூடாக இருந்த நேரத்தில் ஊராட்சித் தலைவர் என்று ஒருவர் இல்லை. 2018 மறுபடி ஞாபகம் வருகிறதா?

மற்ற நாடுகளில்?

உள்ளூர் வரி பெரிய தலைகளை உருட்டியது உண்டு. பிரிட்டனில் வீட்டின் மதிப்பை வைத்து வாங்கிய வரியை எடுத்துவிட்டு, தலைக்கு இவ்வளவு என்று ஒரு வரியை மார்கரெட் தாட்சர் அரசு கொண்டுவந்தது. 1990 மார்ச்சில் லண்டனில் கலவரம். அந்த நவம்பரில் தாட்சர் பதவி விலகியதற்கு அந்த வரி முக்கியக் காரணங்களில் ஒன்று. அமெரிக்காவின் கலிபோர்னியாவில் 1978-ல் மக்கள் நேரடியாக வாக்களித்து, வீட்டின் வரி மதிப்பு வருஷத்துக்கு 2 சதவீதத்துக்கு மேல் ஏறக் கூடாது என்று கட்டிப்போட்டார்கள். அங்கே அந்த வரம்பை வைத்தது ஓட்டுப் போட்டவர்களே. இங்கே அந்த வழி இல்லை.

இனி வருஷா வருஷம்

14 வருஷம் சேர்த்து வைத்து ஒரே நாளில் ஏற்றும் பழைய பாணிக்கு அரசு ஒரு முடிவு கட்டியிருக்கிறது. 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் விதிகளின்படி, ஆண்டுதோறும் சொத்து வரி உயரும். 6 சதவீதம், அல்லது கடந்த 5 ஆண்டு மாநில உற்பத்தி வளர்ச்சியின் சராசரி, இரண்டில் எது அதிகமோ அது. 2024 செப்டம்பர் இறுதியில் சென்னை மாநகராட்சி மன்றம் 6 சதவீத உயர்வுக்குத் தீர்மானம் போட்டது. அக்டோபர் 8-ல் அதிமுக மனிதச் சங்கிலி நடத்தியது.

மேலே சொன்ன 750 ரூபாய் வீட்டுக்கு 6 சதவீதம் ஏறினால் 795. இன்னொரு முறை ஏறினால் 843. மூன்றாவது முறை 893. 2022 போல யாரும் திடுக்கிடப் போவதில்லை, கணக்கு நேர்மையானதும்கூட. ஆனால் விதியே ஏற்றிவிட்டால் "நான் ஏற்றவில்லை" என்று எல்லாக் கட்சியும் சொல்லலாம். தேர்தலுக்கு முன்னால் நிறுத்திவைக்கும் ஆசை வராமல் இருக்குமா என்பது 2027 தொடக்கத்தில் தெரியும். 2022-ல் தேர்வான நகர்ப்புற மன்றங்களின் 5 ஆண்டு காலம் அப்போதுதான் முடிகிறது.

ஓட்டுக் கேட்டு வருபவரிடம் என்ன கேட்கலாம்?

"வரியைக் குறைப்பேன்" என்று கவுன்சிலர் வேட்பாளர் சொன்னால் எந்த அதிகாரத்தில் என்று திருப்பிக் கேட்கலாம். விகிதம் அவர் கையில் இல்லை. ஆனால் அவர் கையில் இருப்பவை சில உண்டு.

ஒவ்வொரு நகராட்சியிலும் கவுன்சிலர்களைக் கொண்ட வரிவிதிப்பு மேல்முறையீட்டுக் குழு இருக்கிறது. தெருவின் மண்டலம் தவறாகப் போட்டிருந்தாலோ, வீட்டை வணிகக் கட்டடம் என்று எழுதியிருந்தாலோ, சதுர அடி தவறாக இருந்தாலோ அங்கே வழி உண்டு. அந்தக் குழு எத்தனை முறை கூடியது என்று கேட்டால் நிறைய பேருக்குப் பதில் தெரியாது. 2022 நவம்பர் 1 உள்ளாட்சி தினத்திலிருந்து நகரங்களில் பகுதி சபைக் கூட்டங்களும் தொடங்கியிருக்கின்றன. வசூலான வரி எந்தத் தெருவில் என்னவாக மாறியது என்று கேட்கிற இடம் அது.

வரி கட்டுபவர்களுக்கு இரண்டு தகவல். அரையாண்டு தொடங்கிய 30 நாளுக்குள் கட்டினால் 5 சதவீதம் ஊக்கத்தொகை உண்டு, அதிகபட்சம் 5,000 ரூபாய். தாமதமானால் மாதம் 1 சதவீதம் வட்டி. கேட்பு அறிவிப்பில் உள்ள சதுர அடி 601, 1,201, 1,801-ஐ ஒட்டி இருந்தால் வீட்டை ஒரு தடவை நாமே அளந்து பார்ப்பது நல்லது. தவறு என்று தெரிந்தால் வரிவிதிப்பு எண்ணைக் குறிப்பிட்டு, மறுஅளவீடு கேட்டு ஆணையருக்கு எழுத்தில் மனுக் கொடுத்து, ஒப்புகைச் சீட்டைக் கையோடு வாங்கிக்கொள்ள வேண்டும்.